வாங்குவார், வாங்கமாட்டார்

எனக்குத் தொலைபேசி பிடிக்கும். எதிரில் முகம் இருக்காது என்பதுதான் காரணம். ஆள் நேரில் வந்து நின்றால் பேச்சு தொண்டையோடு நின்றுவிடும். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு பேனாவை எடுத்து மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருப்பேன். அதே ஆள் எதிர்க் கடைக்குப் போய் அங்கிருந்து போன் செய்தால் நன்றாகவே பேசுவேன். என் முதலாளி இதைக் கண்டுபிடித்து, வாடிக்கையாளர்கள் வந்து நிற்கும் முன்பக்க மேசையிலிருந்து என்னைத் தூக்கிப் பின்னறையில் போன் பக்கத்தில் உட்கார வைத்தார். "உனக்கும் நிம்மதி, வர்றவங்களுக்கும் நிம்மதி" என்றார்.

கோயமுத்தூரில் மோட்டார் பம்பு விற்கும் கடை அது. தொண்ணூறுகளின் நடுவில் நடந்ததைச் சொல்கிறேன். நான் பத்தாவது வரை படித்திருந்தேன்; தமிழ் டைப்ரைட்டிங் பாஸ் செய்திருந்தேன். அந்த டைப்ரைட்டிங்கால்தான் கம்ப்யூட்டர் என் தலையில் வந்து விழுந்தது.

முதலாளியின் அக்கா மகன் மெட்ராஸிலேயே பிறந்து வளர்ந்தவர். இஞ்சினியரிங் முடித்துவிட்டு, மேலே படிக்க வெளிநாட்டுக்கு எழுதிப் போட்டிருந்தார். பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாமென்று மாமா கடைக்கு வந்தார். அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். முதலாளிக்கு அப்போது பெட்ரோல் கவலை. போனில் மோட்டார் விசாரிக்கிற எல்லோருடைய தோட்டத்துக்கும் விற்பனையாளர் வேனில் போய் வந்துகொண்டிருந்தார். பாதிப் பேர் வாங்குவதில்லை. "போன்ல பேசும்போதே எவன் வாங்குவான், எவன் வாங்க மாட்டான்னு தெரிஞ்சா நல்லாருக்கும் மாப்ளே" என்று மருமகனிடம் சொல்லியிருக்கிறார். தம்பி கம்ப்யூட்டர் வாங்க வைத்துவிட்டார்.

அதற்காக ஓர் அறையை அடைத்து ஏ.சி. போட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தது. கடையிலேயே ஏ.சி. இருந்த ஒரே அறை என்பதால் மதியச் சாப்பாட்டுக்குப் பின் முதலாளி அங்கே பீரோவுக்குப் பின்னால் கட்டில் போட்டுத் தூங்குவார்.

என் வேலை, போனில் விவசாயி பேசுவதை அப்படியே தட்டச்சு செய்வது. அதைப் படித்துவிட்டு மெஷின் திரையில் "வாங்குவார்" அல்லது "வாங்கமாட்டார்" என்று எழுத வேண்டும். தம்பி எனக்குப் பொறுமையாக விளக்கினார்.

"வார்த்தைக்குத் தனியா அர்த்தம்னு பெரிசா ஒண்ணும் இல்லண்ணா. பக்கத்துல என்னென்ன வார்த்தை உக்காந்திருக்குன்னு பாக்கணும். 'ஓடுது'ன்னு ஒருத்தர் சொல்றார். மோட்டார் ஓடுதுன்னா நல்ல விஷயம். படம் ஓடுதுன்னா தியேட்டர்காரனுக்கு நல்ல விஷயம். மாடு ஓடுதுன்னா?"

"புடிக்கோணுங்க."

"அதேதான். பக்கத்துல இருக்கறது மோட்டாரா, படமா, மாடான்னு பார்த்தாப் போதும். மெஷின் அதைத்தான் எண்ணிப் பார்க்கப் போகுது. எந்த வார்த்தை எதோட சேர்ந்து வந்தப்ப வாங்கினாங்க, எதோட வந்தப்ப வாங்கல. நிறைய பேச்சு போட்டா அதுவாவே கத்துக்கும்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. மனிதர்களும் அப்படித்தானே கற்றுக்கொள்கிறோம் என்று நினைத்தேன்.

முதல் நாள் தம்பி என் பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டார். பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு தோட்டக்காரர்.

"ஏனுங்க, நல்லா இருக்கறீங்களா?"

"நல்லா இருக்கறனுங்க. சொல்லுங்க."

"அந்த அஞ்சு எச்.பி. மோட்டாருங்க. பக்கத்துத் தோட்டத்துல பாத்தனுங்க. நெம்ப நல்ல மோட்டாருங்க. சத்தமே இல்லீங்க."

"ஆமாங்க."

"வெலையும் நாயமாத்தானுங்க சொல்றீங்க."

"ஆமாங்க."

"ஊட்ல ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுக் கூப்புடறனுங்க. அங்க மழைங்களா?"

"இல்லீங்க."

"இங்கியும் இல்லீங்க. அப்ப வெச்சர்றனுங்க."

தம்பி கையைத் தட்டினார். "முதல் போனே வாங்கறார்!"

"இல்லீங்க தம்பி. வாங்க மாட்டாருங்க."

"நல்ல மோட்டார்ன்னார், விலை நியாயம்னார்!"

"அதனாலதானுங்க."

அடுத்து கிணத்துக்கடவிலிருந்து ஒருவர் பேசினார். எடுத்த எடுப்பிலேயே சண்டை. "என்ன மோட்டாருங்க விக்கறீங்க? போன தடவை வாங்குனதுல காயில் கம்பியே புகைஞ்சு போச்சு. வெலையைப் பாத்தா ஆனை வாங்கறாப்புல இருக்குது. கொறைக்கவே மாட்டீங்களா? என்னைக்கு வண்டி வரும்?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

"இவரு வாங்குவாருங்க" என்றேன்.

தம்பி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, இந்த ஊர்ல யாருமே வேணாம்னு சொல்ல மாட்டாங்களா?"

நான் யோசித்துப் பார்த்தேன். யாரும் சொல்லிக் கேட்ட ஞாபகம் இல்லை. முகத்துக்கு நேராக வேண்டாம் என்பது எங்கள் பக்கத்தில் ஆளை அடிப்பதற்குச் சமம். வேண்டாம் என்றால் பொருளைப் புகழ்வோம், உங்கள் குழந்தைகளை விசாரிப்போம், மழையைப் பற்றிக் கேட்போம். கேட்கிறவருக்குப் புரிந்துவிடும். ஆனால் எனக்கு எல்லாம் தெரியும் என்றும் சொல்ல முடியாது. நான் வாங்குவார் என்று சொன்னவர்களில் பல பேர் வாங்கவில்லை. ஒருவர் ஒரு மாதம் சண்டை போட்டுவிட்டு வேறு கடையில் வாங்கினார்.

மெஷின் மெல்லக் கற்றுக்கொண்டது. நடுவில் அதற்கு ஒரு கிறுக்கும் பிடித்தது. ஆரம்பத்தில் ஆனைமலையிலிருந்து பேசியவர்கள் தற்செயலாக எல்லோரும் வாங்கிவிட்டார்கள். அதனால் பேச்சில் ஆனைமலை என்று வந்தாலே மெஷின் கண்ணை மூடிக்கொண்டு "வாங்குவார்" என்றது. ஆனைமலைக்காரர் ஒருவர் இந்த வருடம் எங்கள் கடைக் காலண்டர் இன்னும் வரவில்லையே என்று வருத்தப்பட்டுப் போன் செய்தார். மோட்டார் என்ற பேச்சே எடுக்கவில்லை. மெஷின் "வாங்குவார்" என்றது. விற்பனையாளர் வேனில் அவ்வளவு தூரம் போய், காலண்டர் கொடுத்து, சாப்பிட்டுவிட்டு, ஒரு மூட்டைத் தேங்காயோடு வந்தார்.

முதலாளி தேங்காயைப் பார்த்தார். ஏ.சி. அறையைப் பார்த்தார். "ஏன் மாப்ளே, உங்க மெஷின் தென்னந்தோப்பு வெச்சுக் குடுக்குமா?" என்றார்.

தம்பி இரண்டு நாள் உட்கார்ந்து ஊர்ப் பெயர்களை எல்லாம் கணக்கிலிருந்து எடுத்தார். அதற்குப் பின் மெஷின் ஓரளவு ஒழுங்காகச் சொல்லத் தொடங்கியது. "நல்ல", "நாயம்", "ஊட்ல", "மழை" எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் யோசிக்காமல் "வாங்கமாட்டார்" என்றது.

இந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள்.

எனக்கு முப்பத்திமூன்று வயது. அப்பா இல்லை. அம்மா இளவயதில் பிறர் தோட்டத்தில் களை எடுத்து எங்களை வளர்த்தவர். அக்காவைக் கட்டிக்கொடுத்தாயிற்று. அக்கா வீட்டுக்காரர்தான் பவானியில் ஒரு பெண் இருப்பதாகச் சொன்னார். பெண்ணின் அப்பா பாத்திரக் கடையில் விற்பனையில் இருக்கிறார். பெண் பஸ் நிலையத்துக்கு எதிரில் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிறது. நாளெல்லாம் போன் வேலை என்று கேட்டவுடனே எனக்கு மனசில் ஒரு சாய்வு வந்துவிட்டது.

போய் உட்கார்ந்தோம். பவானி என்பதால் அறை முழுக்க ஜமக்காளம். நான் அதன் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை, சிவப்பு, மறுபடி பச்சை. பெரியவர்கள் என்னென்னவோ பேசினார்கள். எதுவும் காதில் ஏறவில்லை. பெண் காபி கொண்டுவந்தது. என் முன்னால் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "டம்ளர் சூடுங்க. விளிம்பைப் புடிங்க" என்றது. விளிம்பைப் பிடித்தேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. பஸ்ஸில் திரும்பும்போது விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆனால் புறப்படும்போது பெண்ணின் அப்பா வாசல்வரை வந்து சொன்னது மட்டும் காதில் நன்றாகவே விழுந்தது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சொன்னார். "நெம்பச் சந்தோசமுங்க. நல்ல குடும்பமுங்க. பையனும் அமைதியான பையனுங்க. ஊட்ல ஒரு வார்த்தை கலந்துபோட்டுச் சொல்றமுங்க. உங்க பக்கம் மழை எப்படிங்க?"

பஸ் ஆற்றுப் பாலம் தாண்டுவதற்குள் எனக்கு உறைத்துவிட்டது: மழை வரைக்கும் வந்துவிட்டார்.

அம்மாவுக்கு எதுவும் உறைக்கவில்லை. "நெம்ப மரியாதையான சனங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

நாட்கள் போயின. பவானியிலிருந்து பதில் இல்லை. கேட்கலாமே என்றால் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நாமளா கேக்கறது? பையன் ஊட்டுக்காரங்க மானம் போயிருஞ்சாமி." அக்கா வீட்டுக்காரர் வந்து, வருகிற வெள்ளிக்கிழமை ஈரோட்டிலிருந்து வேறு மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பெண்ணைப் பார்க்க வருவதாகக் கேள்வி என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்திமூன்று வருடத்தில் எனக்கு இது வேண்டும் என்று நானாக ஆசைப்பட்டது அந்த ஒன்றுதான். அதற்குப் பதில் சரியா, இல்லையா என்பதுகூடத் தெரியவில்லை.

திங்கட்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டதாக நினைத்தேன். நான் ஏ.சி. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பெண்ணின் அப்பா சொன்னதைத் தட்டச்சு செய்தேன். மெஷினுக்குப் பையன் என்ற வார்த்தை தெரியாது. அதனால் அந்த இடத்தில் மட்டும் மோட்டார் என்று போட்டேன். "அமைதியான மோட்டாருங்க" என்று வந்தது. பொத்தானை அழுத்தினேன்.

"வாங்கமாட்டார்."

இன்னொரு முறை, மழையை எடுத்துவிட்டு அழுத்தினேன். "வாங்கமாட்டார்." நல்ல குடும்பத்தையும் எடுத்துவிட்டுப் பார்த்தேன். மெஷின் அசையவில்லை.

"யாருண்ணா இது, எந்த ஊர் பார்ட்டி?" தம்பி பின்னால் நின்றிருந்தார். கதவு திறந்தது எனக்குக் கேட்கவில்லை. "எத்தனை எச்.பி. கேட்டார்?"

நான் பேனாவைத் தேடினேன்.

தம்பி குனிந்து, திரையில் நான் முதலில் போட்டதைப் படித்தார். "'நல்ல குடும்பமுங்க'... மோட்டார் வாங்கறதுக்கு எதுக்குக் குடும்பம்?" மறுபடி படித்தார். என் காதுகள் சிவந்திருக்க வேண்டும். "அண்ணா! பொண்ணு பார்த்தீங்களா?"

பீரோவுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. முதலாளி எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டே வந்தார். "பொண்ணு பாத்துப்போட்டு எங்கிட்டச் சொல்லாம மெஷின்கிட்டச் சொல்லிட்டு இருக்கறியாப்பா?"

இனி மறைப்பதற்கு எதுவும் இல்லை. போனில் பேசுவதாக நினைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நடந்ததைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை வரப்போகிற ஈரோட்டுக்காரர்களையும் சொன்னேன்.

தம்பிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இதைப் போய் மெஷின்கிட்ட கேக்கறீங்களே. இது மோட்டார் பேச்சுலயே வளர்ந்தது. கல்யாணப் பேச்சு இதுக்கு என்ன தெரியும்? இப்ப, சத்தமே இல்லன்னு சொல்றாங்க. மோட்டாருக்கு அது நல்லது. மாப்பிள்ளைக்கு?"

"மாப்பிள்ளைக்கும் அது நல்லதுதான் மாப்ளே" என்றார் முதலாளி. "உங்க அத்தையக் கேட்டுப்பாரு."

"சரி, அதை விடுங்க. அண்ணா, அவர் இதைச் சொல்றதுக்கு முன்னாடி உங்க பக்கத்துல யார் என்ன சொன்னாங்க?"

"தெரியலீங்க தம்பி. கோட்டைப் பாத்துட்டு இருந்தனுங்க."

"எந்தக் கோட்டை?"

"ஜமக்காளக் கோடுங்க."

தம்பி நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டென்று முகம் மாறியது. "அண்ணா, நாம விவசாயி பேசறதை மட்டும்தானே டைப் பண்றோம். நீங்க என்ன கேட்டு அவர் அப்படிச் சொன்னார்னு நாம ஒரு தடவைகூடப் போட்டதே இல்லையே."

"நான் என்னுங்க சொல்லப்போறேன். ஆமாங்கன்னுதான் சொல்லுவேன்."

"அந்த ஆமாங்கவுக்கு முன்னாடி என்ன, பின்னாடி என்ன? பேச்சுல பாதியத் தூக்கிப் போட்டுட்டு மீதிப் பாதிக்கு அர்த்தம் கேட்டுட்டிருக்கோம்!" அவர் தன்னையே திட்டிக்கொண்டார். எழுந்து மாமாவின் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "உங்கம்மா வீட்ல இருப்பாங்களா?"

வேண்டாம் தம்பி என்று சொல்வதற்குள் நான் ஸ்கூட்டரின் பின்சீட்டில் இருந்தேன்.

அம்மாவிடம் தம்பி ஒரு நோக்கமும் மறைக்காமல் கேட்டார்: பவானியில் யார் யார் என்னென்ன பேசினார்கள், வரிசையாக வேண்டும். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல சட்டை, நல்ல நிறம், ஸ்கூட்டர். இன்னொரு வீட்டுக் கல்யாணத்தில் இத்தனை அக்கறை காட்டினால் காரணம் இருக்க வேண்டும். "தம்பிக்குக் கூடப் பொறந்த பொண்ணுங்க ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"ஒரு அக்கா. கல்யாணம் ஆயிடுச்சு."

அம்மாவுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. ஆனாலும் சொன்னார்.

"மைசூர்பாக்கு வெச்சாங்க தம்பி. நெய்யி ஒழுகுது. எனக்குச் சக்கரைங்க, தொட முடியல. சாப்புடுங்க சாப்புடுங்கன்னாரு பொண்ணோட அப்பாரு. இருக்கட்டுங்க, இன்னொரு நாளைக்கு ஆகட்டுங்கன்னேன்."

"சக்கரைன்னு சொன்னீங்களா?"

"பையன் ஊட்டுக்காரி போன எடத்துல சீக்குன்னா சொல்லுவாங்க?"

"அப்புறம்?"

"பையனுக்குப் புடிச்சுதுங்களான்னு கேட்டாரு. அவனுக்கென்னுங்க, ஒண்ணும் அவசரமில்லீங்கன்னேன். பொண்ணு நெம்ப லச்சணமுங்க, நல்ல எடமுங்க, மூத்தவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் சொல்றமுங்கன்னேன்."

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க?" இதைக் கேட்டது நான்.

"பின்ன? கேட்ட ஒடனே சரின்னா, பொண்ணுக்கு அலையறாங்கன்னு நெனைக்க மாட்டாங்களா?"

அன்று மாலையே தம்பி கடைக்குப் போய் அம்மா சொன்னதை மெஷினில் போட்டார். பெண்ணுக்குப் பதில் மோட்டார் என்று நானே திருத்திக் கொடுத்தேன். "மோட்டாரு நெம்ப லச்சணமுங்க." முதலாளியும் விற்பனையாளரும் பின்னால் நின்றார்கள். பொத்தானை அழுத்தினார்.

"வாங்கமாட்டார்."

தம்பி சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி கழன்று விழுந்தது. "அண்ணா, உங்கம்மாவே வாங்க மாட்டாங்களாம்! முதல்ல வேண்டாம்னு சொன்னதே உங்க பக்கம்தான். மைசூர்பாக்கைத் தொடல, அவசரமில்லன்னாங்க, அக்காவைக் கேக்கணும்னாங்க. பாவம், அவர் என்ன நினைப்பார்? இவங்க வாயால வேண்டாம்னு சொல்ல வைக்கறது மரியாதை இல்லன்னு அவரே முந்திக்கிட்டு வேண்டாம்னு சொல்லிட்டார்."

"நம்முளுக்காக அவரு வேண்டாம்னுட்டாரா?" என்றார் முதலாளி. திரையை இன்னொரு முறை படித்தார். "இருக்கும். நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்."

அது தம்பியின் ஊகம்தான். மெஷினும் அவரும் சேர்ந்து ஆனைமலையைப் பற்றி நினைத்ததெல்லாம் என்ன ஆனதென்று எனக்குத் தெரியும். ஆனாலும் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் யாராவது கேட்டே ஆகவேண்டும். அம்மா கேட்க மாட்டார். அக்கா வீட்டுக்காரர் ஏற்கெனவே தலையிட மாட்டேன் என்றுவிட்டார். முதலாளி, தானே வேனை எடுத்துக்கொண்டு போய், விற்பனையாளரையும் கூட்டிக்கொண்டு, முறையாகப் பேசி முடித்து வருவதாகச் சொன்னார். எனக்கு மோட்டார் விளம்பரம் எழுதிய வேன் அந்த வீட்டு வாசலில் நிற்பது கண்ணில் தெரிந்தது.

"வேண்டாங்க" என்றேன். நானே திடுக்கிட்டேன். அப்படி ஒரு வார்த்தையை முதலாளியிடம் அதுவரை சொன்னதில்லை. "நான் போன் பண்ணிப் பாக்கறனுங்க."

பெண் வீட்டில் போன் கிடையாது. ஆளைக் கூப்பிட்டுவிடச் சொல்லி ஜாதகத்தோடு கொடுத்த பி.பி. நம்பர் அந்தப் பெண்ணின் பூத் நம்பர்தான். மறுநாள் காலை, பின்னறையில் என் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து அந்த நம்பரைச் சுழற்றினேன். ஒரு மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"எஸ்.டி.டி. பூத்துங்க. யாருகிட்டப் பேசோணுமுங்க?"

அதே குரல். என் வாய் பழக்கத்தில் திறந்தது. "வணக்கமுங்க. மோட்டார் ஏதாச்சும் வேணுமுங்களா?"

"பூத்துக்கு எதுக்குங்க மோட்டாரு?"

"இல்லீங்க. நான் கோயமுத்தூருங்க. அன்னைக்கு... டம்ளருங்க. சூடா இருந்ததுங்க."

அந்தப் பக்கம் அவளுக்குப் பின்னால் ஒரு பெரியவர், "அம்மணி, சேலத்துக்கு லைனு போட்டுக் குடு கண்ணு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "சித்த இருங்க ஐயா" என்று அவரிடம் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "சொல்லுங்க. என்ன விசயமுங்க? உங்கூட்ல வேண்டாம்னுட்டாங்கன்னு எங்கப்பா சொன்னாங்களே."

"நாங்க எங்கீங்க சொன்னோம்? உங்கப்பாதானுங்க சொன்னாங்க."

"எங்கப்பா எதுக்குங்க சொல்லப் போறாங்க? உங்கம்மா மைசூர்பாக்கத் தொடவே இல்லீங்களே. எங்கம்மா அடுப்புகிட்ட நின்னு கெளறுனதுங்க. அழுதுட்டாங்க."

"சக்கரைங்க."

"சக்கரை போடாம எப்படிங்க செய்யறது?"

"அதில்லீங்க. அம்மாவுக்குச் சக்கரைங்க. சீக்கு."

சேலத்துப் பெரியவர், "லைனு கெடைக்குமா கெடைக்காதா?" என்றார்.

"இதச் சொல்லறதுக்கா இத்தன நாளுங்க?" என்றாள். "எங்கப்பா உங்க மனசு நோகக் கூடாதுன்னு அவரே சொல்லி அனுப்பிப்போட்டு வந்து உக்காந்திருக்கறாரு. சரி. உங்கம்மா சொன்னதும் வேண்டாம், எங்கப்பா சொன்னதும் வேண்டாம். நீங்க சொல்லுங்க. புடிச்சிருக்குதுங்களா, இல்லீங்களா?"

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. மோட்டார் கேட்பவர்கள்கூடக் கேட்டதில்லை. போனில் கிளிக் என்று ஒரு சத்தம் வந்தது. முன்னறையில் முதலாளி இன்னொரு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்திருக்கிறார் என்று புரிந்தது. அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"புடிச்சிருக்குங்க" என்றேன். "நெம்பப் புடிச்சிருக்குங்க."

"சரிங்க. அப்பாகிட்ட நானே சொல்லிப்போடறேன். அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. மிச்சர் வெக்கறோம்."

"வெள்ளிக்கிழமை ஈரோட்டுக்காரங்க..."

"அவிகளுக்கு அப்பா, பாக்கலாமுங்கன்னு சொல்லியனுப்புவாரு. அவிகளுக்கே புரிஞ்சுரும்." லைன் துண்டானது. சேலத்துப் பெரியவருக்கு அப்போதுதான் லைன் கிடைத்திருக்கும்.

அந்த வாரமே மறுபடி பவானிக்குப் போனோம். இந்த முறை எல்லாம் முடிவானதுதான் என்று இரண்டு பக்கமும் தெரியும். இருந்தாலும் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அம்மா மிச்சரை ஒரு துளி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். சாப்பிட்ட தட்டை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். பெண்ணின் அப்பா மண்டபங்களின் வாடகை ஏறிப்போனதைப் பற்றிப் பொதுவாகப் பேசினார். தை மாதத்தில் வெயில் இருக்காது என்றார் அம்மா. தையில் நல்ல நாள் நிறைய இருக்கிறதுங்களே என்றார் அவர். காலண்டரை எடுத்தார்கள். ஒரு நாளை விரலால் தொட்டார்கள். வாசலில் கும்பிட்டுப் பிரிந்தோம்.

பஸ் நிலையத்தில் உட்கார்ந்து கோயமுத்தூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். அம்மா திரும்பத் திரும்ப முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். பின்பு மெல்லக் கேட்டார்.

"ஏங்கண்ணு, அப்ப அவிகளுக்குப் புடிச்சிருக்குதா?"

"தேதியே குறிச்சாச்சேம்மா."

"தேதி குறிச்சாங்க. சரி. புடிச்சிருக்குன்னு வாயத் தொறந்து ஒருத்தராச்சும் சொன்னாங்களா?"

நான் யோசித்தேன். ஒருவரும் சொல்லவில்லை. அவள்கூடப் போனில் என்னைத்தான் கேட்டாள், அவள் சொல்லவில்லை. அந்த நினைப்பு வந்தபின் உட்கார முடியவில்லை.

எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவளுடைய பூத் இருந்தது. எங்களை வழியனுப்பிவிட்டு, சேலைகூட மாற்றாமல் வந்து கடையைத் திறந்திருந்தாள். நான் ரோட்டைக் கடந்து போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர் யாரிடமோ நெல் விலை பேசிக்கொண்டிருந்தார். போன் இல்லாமல், நடுவில் ஒன்றும் இல்லாமல், அவள் முன்னால் நின்றேன். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"என்னங்க, பஸ்ஸை உட்டுப்போட்டீங்களா?"

"இல்லீங்க. அம்மா கேக்கறாங்க. உங்களுக்குப் புடிச்சிருக்குதுங்களான்னு."

"அம்மா கேக்கறாங்களா?"

"நானுந்தானுங்க."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு ஸ்டூலை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள். ரோட்டில் லாரி ஒன்று போகும்வரை காத்திருந்தாள். இரண்டு கையையும் வாய்ப்பக்கம் குவித்து, பஸ் நிலையம் முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"அத்தே! புடிச்சிருக்குங்க!"

கூண்டுக்குள் இருந்தவர் நெல் விலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் திரும்பி ரோட்டைக் கடந்து அவர் பக்கத்தில் வந்து உட்காரும்வரை கையை எடுக்கவில்லை.

பஸ் புறப்பட்டு ஊரைத் தாண்டிய பிறகுதான் பேசினார். "நெம்பச் சத்தமாப் பேசறா" என்றார். இரண்டு ஊர் தாண்டி, "நெம்பச் சத்தம்" என்று தனக்குள் இன்னொரு முறை சொல்லிச் சிரித்துக்கொண்டார்.